எட்டுக் கேள்விகளில் அடங்குமா தூக்கம்?

திங்கட்கிழமை காலையில் நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பேருந்தில் ஏறி அமருங்கள். ஊர் எல்லையைத் தாண்டிப் பனைமரங்கள் பின்னோக்கி ஓடத் தொடங்கியதும் உங்களைச் சுற்றிலும் பாருங்கள். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர், பள்ளி ஆசிரியை, கல்லூரி மாணவர் எனப் பலரும் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் தலையைத் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மருத்துவக் கல்லூரி மாணவர் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டு விடுதிக்குத் திரும்புகிறார். மடியில் வெள்ளை அங்கி. அங்கியின்மேல் கனத்த உடற்கூற்றியல் நூல். நூலின்மேல் அவருடைய தலை.

இந்த மாணவருக்குத் தூக்கக் கோளாறு இருக்கிறதா? அல்லது இரவு போதுமான அளவு தூங்கவில்லையா? அல்லது பேருந்தின் தாலாட்டில் யாருக்கும் வரும் தூக்கம்தானா? மூன்றும் வேறு வேறு. மூன்றுக்கும் மருந்தும் வேறு வேறு.

மருத்துவ மாணவர்களின் பகல்நேரத் தூக்கக்கலக்கத்தைப் பற்றி இந்தியாவிலும் பிற நாடுகளிலும் ஆய்வுக் கட்டுரைகள் ஏராளமாக வெளிவருகின்றன. அவற்றுள் மிகப் பல ஒரே ஒரு தாளை நம்பியிருக்கின்றன. அந்தத் தாளின் பெயர் எப்வொர்த் தூக்கக்கலக்க அளவுகோல். அதில் இருப்பவை எட்டே கேள்விகள். அந்தத் தாளைக் கையில் எடுத்து, அதன் நிறை என்ன, குறை என்ன, நம் ஊர் மாணவருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தராசையே நிறுத்துப் பார்ப்பதும் அறிவியலில் ஒரு வேலைதானே!

தாள் பிறந்த கதை

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் எப்வொர்த் மருத்துவமனை என்று ஒன்று உண்டு. அங்கே தூக்கநோய்ப் பிரிவில் பணிசெய்த மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-ல் இந்த அளவுகோலை வெளியிட்டார். குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் உள்ள நோயாளிகள் அவரிடம் வந்துகொண்டிருந்தார்கள். பகலில் அவர்களுக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்பதை எளிதில் அறிய அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது.

அதற்கு முன்பே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை உருவாகியிருந்தது. ஒருவரைப் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருட்டறையில் படுக்கவைத்து, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார் என்று அளப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் அதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும், கருவி வேண்டும், கருவியை இயக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். ஜான்ஸின் தாளுக்கு வேண்டியது ஒரு பேனாவும் சில நிமிடங்களும் மட்டுமே.

அந்தத் தாள் எட்டுச் சூழ்நிலைகளைச் சொல்கிறது. உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, கூட்டத்திலோ அரங்கிலோ சும்மா அமர்ந்திருக்கும்போது, காரில் பயணியாக ஒரு மணி நேரம் போகும்போது, பிற்பகலில் வாய்ப்புக் கிடைத்துப் படுக்கும்போது, ஒருவருடன் உட்கார்ந்து பேசும்போது, மது அருந்தாத மதிய உணவுக்குப்பின் அமைதியாக அமர்ந்திருக்கும்போது, நெரிசலில் கார் சில நிமிடங்கள் நிற்கும்போது. ஒவ்வொன்றிலும் நீங்கள் கண்ணயர்ந்துவிட எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் இடவேண்டும். மொத்தம் 24. பத்து வரை இயல்பு. அதற்கு மேல் மிகைத் தூக்கக்கலக்கம்.

நம் தலைப்போடு இந்தத் தாளுக்குத் தொடக்கத்திலேயே ஓர் உறவு உண்டு. 1992-ல் ஜான்ஸ் தம் அளவுகோலின் உறுதியைச் சோதித்தபோது மருத்துவ மாணவர்களையே அழைத்தார். 87 மாணவர்கள் ஐந்து மாத இடைவெளியில் இருமுறை தாளை நிரப்பினார்கள். இரண்டு முறையும் மதிப்பெண்கள் பெரும்பாலும் ஒத்திருந்தன. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் காட்டும் தராசு அன்று இது என்பது அதனால் தெரிந்தது.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம்

இத்தாளின் சிறப்பு அது கேட்கும் முறையில் இருக்கிறது. "உங்களுக்குச் சோர்வாக இருக்கிறதா?" என்று அது கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் விடை குழம்பியிருக்கும். நம் பேச்சிலேயே பாருங்கள். அசதி, அலுப்பு, சோர்வு, களைப்பு, தூக்கக்கலக்கம் என்று எத்தனை சொற்கள்! தேரிக்காட்டு மணலில் சுமை தூக்கி நடந்தவருக்கு அலுப்பு இருக்கும். தூக்கம் வராமலும் போகலாம். இரத்தசோகை உள்ள மாணவிக்குச் சோர்வு இருக்கும், படுத்தால் கண்மூடாது. தூக்கக்கலக்கம் என்பது வேறு. விழித்திருக்க விரும்பியும் கண் தானே மூடிக்கொள்வது அது. ஜான்ஸ் உணர்ச்சியைக் கேட்காமல், நடந்த செயலைக் கேட்டார்: இந்த இடத்தில் இப்படி இருந்தால் தூங்கிவிடுவீர்களா? இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்ததற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

எட்டுச் சூழ்நிலைகளும் ஒரே தரத்தவை அல்ல என்பதும் சிறப்பே. பிற்பகலில் படுத்தால் தூங்குவது எளிது. எதிரே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது தூங்குவது அரிது. அந்த அரிய இடத்திலும் ஒருவர் தூங்கினால் மருத்துவர் கவனிக்க வேண்டியதுதான்.

கார் எங்கே இருக்கிறது?

இப்போது குறைக்கு வருவோம். எட்டில் இரண்டு கேள்விகள் காரைப் பற்றியவை. அதாவது 24 மதிப்பெண்ணில் 6, கால் பங்கு, காருக்குள் இருக்கிறது. நம் மாணவர் பேருந்தில் போகிறவர். அல்லது திருநெல்வேலி, திருச்செந்தூர் ரயிலில் போகிறவர். சிக்னலில் காரை நிறுத்திக் காத்திருந்த அனுபவம் அவருக்கு இல்லை. அனுபவம் இல்லாவிட்டால் கற்பனை செய்து விடை எழுதச் சொல்கிறது தாள்.

இதன் விளைவை ஒரு கணக்கால் காண்போம். ஒரு மாணவர் படிக்கும்போது 2, தொலைக்காட்சிக்கு 1, கூட்டத்தில் 1, பிற்பகற் படுக்கைக்கு 3, பேச்சுக்கு 0, உணவுக்குப்பின் 2 என்று எழுதுகிறார். கார்க் கேள்விகள் இரண்டுக்கும் "எனக்குக் கார் இல்லை" என்று 0 இடுகிறார். மொத்தம் 9. அவர் இயல்பானவர். அதே மாணவர் "காருக்குப் பதில் பேருந்து என்று எண்ணிக்கொள்கிறேன்" என்று பயணிக் கேள்விக்கு மட்டும் 2 இட்டால் மொத்தம் 11. இப்போது அவர் மிகைத் தூக்கக்கலக்கம் உடையவர்! அவருடைய மூளையிலோ இரத்தத்திலோ ஒன்றும் மாறவில்லை. மாறியது வண்டி மட்டுமே.

இக்குறை பிறர் கண்ணில் படாமல் இல்லை. வட இந்திய மக்களிடையே சோதித்து, மாற்றியமைத்த இந்தி வடிவம் ஒன்று 2016-ல் வெளியானது. ஆனால் ஆங்கிலத் தாளை அப்படியே படியெடுத்து வகுப்பில் விநியோகிக்கும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. அப்படிச் செய்கிறவர்கள் ஒரு நாட்டின் சாலையை இன்னொரு நாட்டின் தூக்கத்தோடு சேர்த்து அளக்கிறார்கள்.

பகல் தூக்கம் நோயா?

பிற்பகலில் வாய்ப்புக் கிடைத்துப் படுத்தால் தூங்குவீர்களா என்பது இன்னொரு கேள்வி. இதை நாசரேத் வட்டாரத்தில் பனையேறும் ஒருவரிடம் கேட்டால் அவர் சிரிப்பார். விடியுமுன் எழுந்து மரம் ஏறுகிறவர், வெயில் உச்சிக்கு வந்ததும் நிழலில் தலைசாய்ப்பது அவருடைய தொழிலின் ஒழுங்கு. கடலுக்குப் போய்த் திரும்பிய மீனவரும் பகலில்தான் தூங்குகிறார்.

உடலியலும் அவர்கள் பக்கமே பேசுகிறது. நம் தூக்கத்தை இரண்டு சக்திகள் ஆள்கின்றன என்று சுவிட்சர்லாந்து அறிஞர் அலெக்சாண்டர் போர்பேலி 1982-ல் விளக்கினார். ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறும் தூக்கத் தேவை. மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. காப்பியும் தேநீரும் செய்வது அடினோசின் அமரும் இடத்தை அடைத்துவைப்பதுதான். கடன் அடைவதில்லை, கடன்காரர் கதவைத் தட்டும் ஓசை கொஞ்ச நேரம் கேட்பதில்லை, அவ்வளவே. மற்றொன்று உடலின் உட்கடிகாரம். ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் அது, பின்னிரவில் நம்மை ஆழ அமிழ்த்துகிறது. பிற்பகலில் சிறிது தாழ்த்துகிறது. இந்தப் பிற்பகல் தாழ்வு மதிய உணவு உண்ணாதவர்களிடமும் காணப்படுகிறது. எனவே சோற்றின்மேல் மட்டும் பழிபோடுவது நியாயமன்று.

உட்கடிகார ஆய்வில் தமிழ்நாட்டுக்கும் பெருமைக்குரிய இடம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் குகைவாழ் வௌவால்களின் நாட்கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். வெளியுலகின் பகலிரவும் மணியும் தெரியாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்தும் ஆராய்ந்தார்கள். இளம் வயதினரின் கடிகாரம் பெரியவர்களின் கடிகாரத்தைவிடச் சற்றுப் பிந்தி ஓடுவது இன்று நன்கு அறியப்பட்டது. இரவு பன்னிரண்டு மணிக்கு மாணவருக்குத் தூக்கம் வராததும், காலை எட்டு மணி வகுப்பில் தூங்கி விழுவதும் ஒரே கடிகாரத்தின் இரண்டு முகங்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் சோம்பல் என்று திட்டிப் பயனில்லை.

தூங்காதவருக்குத் தன் நிலை தெரியுமா?

இதுவே மிகப் பெரிய குறை. இந்தத் தாளில் சாட்சி சொல்பவர் தூக்கம் கெட்டவரேதான். அவருடைய சாட்சியம் எவ்வளவு நம்பத்தக்கது?

2003-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். நலமுள்ளவர்களை இரவுக்கு 4 மணி, 6 மணி, 8 மணி எனப் பிரித்து 14 நாட்கள் தூங்கவைத்தார்கள். ஆறு மணி நேரம் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. இரண்டு வார முடிவில் அது, ஓரிரு இரவுகள் முழுவதும் விழித்திருந்தவரின் கவனத்துக்கு நிகராகத் தாழ்ந்துபோயிற்று. வியப்பு அதுவன்று. தூக்கக்கலக்கம் எப்படி இருக்கிறது என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப்பின் பெரிதாகக் கூடவில்லை என்றே சொன்னார்கள். உடல் சரிந்துகொண்டே போயிற்று. மனமோ "பழகிவிட்டது" என்றது.

"எனக்கு ஐந்து மணி நேரம் போதும் சார், பழகிவிட்டது" என்று சொல்லும் மாணவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை அப்படிச் சொல்பவர் நீங்களாகவே இருக்கலாம். அந்த மாணவர் தாளில் 7 மதிப்பெண் இட்டுவிட்டு, "இயல்பு" என்ற சான்றிதழோடு இரவுப் பணிக்குப் போவார்.

அந்தச் சான்றிதழின் விலை என்ன? 1997-ல் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் ஓர் ஒப்பீடு செய்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் திறனுக்குச் சமமாகத் தாழ்ந்திருந்தது. 24 மணி நேர விழிப்பு ஏறக்குறைய 0.10 விழுக்காட்டுக்குச் சமம். நம் நாட்டில் வண்டியோட்டிக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 விழுக்காடு. சாலையில் போலீஸ்காரர் ஊதிப் பார்க்கச் சொல்கிறார். வார்டில் ஊசியோடு நிற்பவரின் விழிப்பை ஊதிப் பார்க்க ஒரு கருவியும் இல்லை.

தாள் கேட்காத கேள்வி

எட்டுக் கேள்விகளும் "எங்கே தூங்குகிறீர்கள்?" என்று கேட்கின்றன. "ஏன் தூங்கவில்லை?" என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. நோயாளிகளுக்காகப் பிறந்த தாளுக்கு அது குறையன்று. மருத்துவர் எதிரே அமர்ந்து மீதியைக் கேட்டுக்கொள்வார். ஆனால் நூறு மாணவர்களிடம் தாளைக் கொடுத்து, கூட்டி, விழுக்காடு எழுதி முடித்துவிடும் ஆய்வில் எதிரே அமர்பவர் யாருமில்லை. ஆகவே முடிவுரையும் பெரும்பாலும் ஒரே மாதிரி அமைகிறது: மாணவர்கள் கைபேசியைத் தள்ளிவைக்க வேண்டும், தேநீரைக் குறைக்க வேண்டும், நேரத்தோடு படுக்க வேண்டும். இவை எல்லாம் நல்ல அறிவுரைகளே. இவற்றோடு நின்றுவிட்டால், குற்றவாளி மாணவர் ஒருவரே என்றாகிவிடுகிறது.

நம் மாணவரைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். 2020-ல் தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளைகள் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருப்பது ஆயிரம் பக்க ஆங்கில நூல். வகுப்புத் தோழர் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் பாடத்தை இவர் அகராதியோடு இரண்டு, மூன்று மணி நேரம் படிக்கவேண்டியிருக்கலாம். அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பார்? தூக்கத்திலிருந்துதான். அவருடைய 12 மதிப்பெண்ணும், விடிய விடியத் திரைப்படம் பார்த்தவரின் 12 மதிப்பெண்ணும் தாளில் ஒரே 12. முன்னவருக்குத் தேவை முதலாண்டில் மொழித்துணையும் தமிழ் விளக்க நூல்களும். "கைபேசியைத் தள்ளிவை" என்று அவரிடம் சொல்வது, அதிலேதான் அவர் சொற்பொருள் தேடுகிறார் என்பதை அறியாதவர் பேச்சு.

நாலரை ஆண்டுப் படிப்புக்குப்பின் வரும் ஓராண்டுப் பயிற்சியையும், அதற்குமேல் முதுநிலைப் படிப்பையும் பாருங்கள். அங்கே தூக்கத்தைத் தீர்மானிப்பது பணிப் பட்டியல். 1984-ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் இறந்தாள். அவளைக் கவனித்த பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணிநேரம் பெரும் விவாதமாயிற்று. பத்திரிகையாளரான அவள் தந்தை விடாமல் போராடினார். 1989-ல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ந்து 24 மணி நேரம் என்று வரம்பு விதித்தது. 2004-ல் பாஸ்டன் நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வு, நீண்ட பழைய பணிமுறையில் பயிற்சி மருத்துவர்கள் 36 விழுக்காடு அதிகமான கடுந்தவறுகள் செய்ததைக் காட்டியது. நேர்மையாகச் சொன்னால், பின்னாளில் அங்கே நடந்த பெரிய ஒப்பீடுகளில் பணிநேர விதியைத் தளர்த்திய இடங்களில் நோயாளிகளின் இறப்பு கூடியதாகத் தெரியவில்லை. ஒரு மருத்துவர் போய் மற்றொருவர் வரும் கைமாற்றத்திலும் தவறு நேரும் என்பதால், மணிக்கணக்கைக் குறைத்தால் மட்டும் போதாது, கைமாற்றத்தையும் திருத்தவேண்டும்.

நம் நாட்டில் 1992-லேயே மத்திய அரசின் உறைவிட மருத்துவர் திட்டம் வாரத்துக்கு 48 மணி, தொடர்ந்து 12 மணிக்கு மேற்படாத பணி என்று எழுதிவைத்தது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றிய அறிக்கையில், வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம் என்றும் நாளும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 48 எங்கே, 74 எங்கே! முப்பத்திரண்டு ஆண்டுகளில் வரம்பு மேலே ஏறியிருக்கிறது. காகிதத்தில் இருந்த 48 நடைமுறையில் எவ்வளவு இருந்தது என்பதற்கு இந்த 74-ஐவிட வேறு சான்று வேண்டுமா?

என்ன செய்யலாம்?

தாளைக் கிழித்துப் போடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ள ஒருவரைக் கண்டுபிடித்து மருத்துவரிடம் அனுப்ப அது இன்றும் உதவும். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிற மாணவர், குறட்டையோடு திடுக்கிட்டு விழிக்கிற மாணவர், போதுமான அளவு தூங்கியும் பகலெல்லாம் தலைசாய்கிற மாணவர் ஆகியோர் மதிப்பெண்ணுக்குக் காத்திராமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

ஆய்வு செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரை எடுத்துவிட்டுப் பேருந்தை வையுங்கள். வைத்தபின் பத்து என்ற பழைய எல்லை பொருந்துகிறதா என்று புதிதாகச் சோதியுங்கள். நல்ல தமிழில் கேளுங்கள். அசதியையும் தூக்கக்கலக்கத்தையும் குழப்பாதீர்கள். இரண்டு வாரத் தூக்கக் குறிப்பேடு ஒன்றைத் தாளோடு சேருங்கள். தேர்வு வாரத்தில் மட்டும் அளந்துவிட்டு ஆண்டு முழுவதுக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். முக்கியமாக, ஒன்பதாவது கேள்வியைச் சேருங்கள்: நேற்றிரவு உங்களை விழிக்கவைத்தது எது?

நாளிதழில் "மருத்துவ மாணவர்களில் இத்தனை விழுக்காட்டினருக்குத் தூக்கக்கலக்கம்" என்ற செய்தியைப் படிக்கும் வாசகர்களும் மூன்றைக் கேட்கலாம். எந்தத் தாளால் அளந்தார்கள்? எந்த மாதத்தில் அளந்தார்கள்? காரணத்தைக் கேட்டார்களா? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத விழுக்காடு வெறும் எண்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவப் பணியைக் கண்ட ஊர் நாசரேத். 1876-ல் அங்கே வந்து 1908 வரை பணியாற்றிய கானன் மர்காஷிஸின் பெயர் இன்றும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் நிலைத்திருக்கிறது. அந்தப் பள்ளிகளிலிருந்து நாளைக்கும் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் போவார்கள். "விளக்கை அணைக்காமல் படிக்கிற பிள்ளை" என்று நாம் பெருமையாகச் சொல்லுவோம். அந்தப் பிள்ளை ஒருநாள் பின்னிரவு மூன்று மணிக்கு, நம் வீட்டு நோயாளி ஒருவரின் மருந்தளவைக் கணக்கிட்டுக்கொண்டு நிற்கும். அப்போது அதன் கண் திறந்திருந்தால் போதாது. மூளையும் விழித்திருக்க வேண்டும்.

பேருந்து தூத்துக்குடியை நெருங்குகிறது. பக்கத்து இருக்கை மாணவர் இன்னும் தூங்குகிறார். நிறுத்தம் வரும்வரை அவரை எழுப்பாதீர்கள்.